உறையின் வாய்

“அந்தப் பேன்ட்டைத் தைக்காத செல்வி. ஸ்டேஷன்ல காட்டணும்.”

மரிய செல்வி அதற்குள் ஊசியில் நூல் கோத்திருந்தாள். மடியில் கிடந்த காக்கி பேன்ட்டின் வலது தொடைப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் துணி கருகிக் கிழிந்திருந்தது.

“கிழிஞ்சதையா கொண்டுபோய்க் காட்டுவீங்க?”

“அதுதான் சாட்சி.”

“வெடிச்ச சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டுருக்கு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம் அவுகளுக்கு?”

கணவர் தைரியநாதன் பேன்ட்டை வாங்கி மடித்தார்.

ஆவூரில் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற தைரியநாதன், புதுக்கோட்டை நகைக்கடை முதலாளி நிலவழகனுக்குப் பாதுகாப்பாகப் போய்வருகிறவர். முதலாளியின் கார் வருகிற நேரம். வழக்கம்போலக் கொல்லையில் மணல் நிரப்பி வைத்திருக்கும் டிரம்முக்குள் துப்பாக்கிக் குழாயை நீட்டிக்கொண்டுதான் தன் லைசென்ஸ் ரிவால்வரில் தோட்டாக்களைப் போட்டார். கூடத்துக்கு வந்தார். இடுப்பிலிருந்த தோல் உறைக்குள் துப்பாக்கியை இறக்கினார். வெடித்தது.

தொடையில் ஒரு கீறல்கூட இல்லை. பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு போன குண்டு சிமென்ட் தரையைப் பெயர்த்தது. பெயர்ந்த சில்லு, காபி கொண்டுவந்த மருமகள் ஜாஸ்பினின் கணுக்காலில் அடித்தது.

தையல் போடும் அளவுக்குக் காயம் இல்லை. ஆனால் அன்று மாலையே ஜாஸ்பின் சொல்லிவிட்டாள். “அந்தத் துப்பாக்கி திரும்ப இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் ஜெகதாப்பட்டினம் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஒங்க மகன்கிட்டயும் சொல்லிட்டேன்.” குவைத்திலிருக்கும் ஜெரோம் இரண்டு பக்கமும் போனில் சமாதானம் பேசி ஓய்ந்துவிட்டான். ஜாஸ்பினின் பை நான்கு நாளாகக் கட்டிலடியில் தயாராக இருக்கிறது.

துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. விசாரணைக்கு இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

“பெல்ட்டையும் உறையையும் எடு செல்வி. அதையும் கொண்டாரச் சொன்னாங்க.”

மரிய செல்வி ஆணியில் தொங்கிய உறையை எடுத்தாள். கொடுக்கவில்லை. முந்தானையால் துடைத்தாள். திருப்பிப் போட்டு மறுபடியும் துடைத்தாள்.

“அதை எதுக்குத் தொடைச்சுக்கிட்டு இருக்க?”

“தூசி.”

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஜாஸ்பின்தான். சனிக்கிழமை, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை.

“பின்னாடி ஏறுங்க மாமா.”

“நான் பஸ்ஸுல போயிக்கிறேன் ஆத்தா. ஒனக்குக் கால்ல வேற கட்டு.”

“கால்லயா வண்டி ஓட்டுறேன்? ஒங்க வண்டியாச்சும் ஓடுதா? எத்தனை மாசமா சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கீங்க.”

“கார்ப்பரேட்டர் சரியில்ல.”

“அதானே. ஏறுங்க.”

விலக்கு ரோட்டைத் தாண்டியதும் தைரியநாதன்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“லைசென்ஸை நானே எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

ஜாஸ்பின் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். “எனக்காகவா?”

“எனக்காக. டிரிக்கர்ல என் வெரல் இல்ல ஆத்தா. அதுல சந்தேகமே இல்லாமத்தான் இருந்தேன். ஆனா வெடிச்சிருக்கே. அப்ப என் கை எனக்குத் தெரியாம ஏதோ பண்ணிருக்கு. பட்டாளத்துல எத்தனையோ பேருக்குத் துப்பாக்கி புடிக்கச் சொல்லிக் குடுத்த கை. அதை நம்ப முடியலைன்னா எதுக்கு அந்தச் சனியன்.”

ஜாஸ்பினுக்கு அந்த வார்த்தை பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்கவில்லை. கண்ணாடியில் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். நான்கு நாளில் ஒடுங்கிப் போயிருந்தார்.

*

சப் இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி நாற்காலியைக் காட்டினார். “ஒக்காருங்க ஐயா.”

“நிக்கிறேன் மேடம்.”

“ஒக்காருங்க. நீங்க அட்டென்ஷன்ல நின்னா நானும் எந்திரிச்சு நிக்கணும்போல இருக்கு.”

உட்கார்ந்தார். ஜாஸ்பின் கதவோரம் நின்றாள்.

“டிரிக்கர்ல வெரல் இருந்துச்சா?”

“இல்லைன்னுதான் நெனைக்கிறேன்.”

“அன்னைக்கு எழுதிக் குடுத்ததுல இல்லவே இல்லைன்னு இருக்கு.”

“அன்னைக்கு எனக்கு அந்த நிச்சயம் இருந்துச்சு மேடம். இப்ப இல்ல. லைசென்ஸ் வேணாம்னு எழுதித் தந்துடுறேன். யாருக்கும் தொந்தரவு வேணாம்.”

“அதை அப்புறம் பார்ப்போம். எப்படி வச்சீங்கன்னு முதல்ல செஞ்சு காட்டுங்க.”

புவனேஸ்வரி ரிவால்வரை வரவழைத்தார். மூலையில் இருந்த மணல் வாளிக்கு நேராகக் குழாயைப் பிடித்துக்கொண்டு உருளையைத் திறந்தார். தான் பார்த்தார். தைரியநாதனிடம் காட்டினார். தைரியநாதன் கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுப் பார்த்தார்.

“காலி மேடம்.”

“பெல்ட்டைக் கட்டிக்கிட்டு வாளிப் பக்கம் வந்து நில்லுங்க. மெதுவா வைங்க. அன்னைக்கு எப்படி வச்சீங்களோ அப்படியே.”

தைரியநாதன் துப்பாக்கியை உறைக்குள் இறக்கினார். பாதி இறங்கியதும் ஏதோ தடுத்தது. உள்ளங்கையைப் பிடியின் மேல் வைத்து உடம்பின் பாரத்தால் அழுத்தினார்.

துப்பாக்கியின் பின்னால் இருந்த, தோட்டாவைத் தட்டும் சுத்தியல் மெல்ல எழுந்தது.

“நிறுத்துங்க. கையை எடுக்காம அப்படியே கீழ பாருங்க.”

தைரியநாதன் குனிந்தார். விரல் விசையில் இல்லை, வெளியே நேராக நீட்டியிருந்தது. உறையின் வாய்தான் உள்பக்கமாக மடிந்திருந்தது. மடிந்த தோல் நாக்கைப் போல நீண்டு, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் மிக மெதுவாகத் துப்பாக்கியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பிறகு உறையைக் கழற்றி அதன் வாயை இரண்டு விரலால் அமுக்கினார். பலகைபோல விறைப்பாக இருக்கவேண்டிய தோல், தேய்ந்த செருப்பு வாரைப்போல மடங்கியது.

“ரொம்பப் பழசா?”

“இல்ல மேடம். ஜெரோம் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்குனது.”

உறையை மூக்கருகே கொண்டுபோனார். விளக்கெண்ணெய். அந்த வாசனை அவருக்குத் தெரியும். மச்சான் அடைக்கலத்தின் ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கழுத்துப் பட்டை கட்டும்போது மாட்டுக் கொட்டகை முழுக்க அடிக்கும் வாசனை. தோல் இளகி, காளையின் கழுத்தை அறுக்காமல் இருக்க, அந்த வீட்டுப் பெண்கள் விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். மரிய செல்வி அந்த வீட்டுப் பெண்.

“எண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா?”

“ஆமா மேடம்.”

“யாரு போட்டா?”

“நான்தான்.”

கதவோரம் ஜாஸ்பின் நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் பூட்ஸுக்கும் பெல்ட்டுக்கும் டப்பா பாலிஷைத் தவிர எதையும் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

“பட்டாளத்துக்காரர் நீங்களே இப்படிச் செய்யலாமா? சரி, கையில தப்பு இல்ல. ஆனா ஒன்னு கேக்குறேன். தடுக்குச்சில்ல? தடுக்குனா வெளிய எடுத்துப் பார்க்கணும். ஏன் அழுத்துனீங்க?”

“பார்த்துருக்கணும் மேடம். அது என் தப்பு.”

“புது உறை வாங்கிக்கிட்டு திங்கக்கிழமை வாங்க. அதுல துப்பாக்கி ஒழுங்கா எறங்குதா, எடுக்க வருதான்னு நான் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் ரிப்போர்ட் எழுதுவேன்.” புவனேஸ்வரி பேனாவை மூடினார். “கை நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கு மேடம்.”

*

வெளியே வந்ததும் தைரியநாதன் ஜாஸ்பினுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்று சொல்லிக் குடித்தார். கடைக்காரரிடம் தேங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினார். அவர் இப்படிப் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது.

“வெரல் வெளியதான் இருந்துச்சு. பார்த்தியா நீயி?”

“பார்த்தேன் மாமா.” ஜாஸ்பின் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்தாள். “எண்ணெய் நீங்க போடல.”

அவர் இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அத்தை எதுக்கு மாசாமாசம் விளக்கெண்ணெய் வாங்குறாங்கன்னு இப்பத்தான் தெரியுது.”

“வீட்டுல போயி அதைப் பேசாத ஆத்தா. அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. ஒன் கால் கட்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறே எறங்கல.”

“அடி என் கால்லதான பட்டுச்சு? கேக்குறதுக்கு எனக்கு உரிமை இல்லையா?”

“இருக்கு. அதனாலதான் ஒன்கிட்டக் கேக்குறேன். விட்டுரு.”

ஜாஸ்பின் ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

“வீடு இங்கிட்டு இருக்கு. அங்கிட்டு எங்க போற?”

“புதுக்கோட்டைக்கு. உறை வாங்க வேணாமா?”

“நீதான துப்பாக்கி வந்தா ஜெகதாப்பட்டினம் போறேன்னு சொன்ன?”

“போறது போகாதது அப்புறம். வந்தா ஒழுங்கான உறையில வரட்டும். அத்தையும் அந்த வீட்டுலதான இருக்காங்க.”

போலீஸ் பெல்ட், தொப்பி, பேட்ஜ் விற்கும் கண்ணனின் கடையில் உறைகளை வரிசையாக எடுத்துப் போட்டார்கள். போட்டுப் பார்க்க மரத்தில் செய்த ரிவால்வர் ஒன்றையும் கண்ணன் கொடுத்தார்.

“இது பேன்ட்டுக்கு உள்ள சொருகுறது சார். சட்டையை வெளிய விட்டா ஒன்னும் தெரியாது. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க.”

“எனக்கு வேணாம். கார்ல ஒக்காந்தா வயிறு அமுக்கும். எந்திரிக்கையில எது எங்க மாட்டும்னு தெரியாது.”

“இது லேசா இருக்கே மாமா,” ஜாஸ்பின் ஒரு துணி உறையைத் தூக்கினாள்.

“அது பை. துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கும். திரும்ப வைக்க இன்னொரு கையால வாயைப் பொளக்கணும். அப்பக் குழாய் என் கையைத்தான் பார்க்கும்.”

“அப்ப எப்படித்தான் இருக்கணும்?”

“காலியா இருக்கையிலயும் வாய் தொறந்தே நிக்கணும். டிரிக்கரை முழுசா மூடியிருக்கணும். இடுப்புல அசையக் கூடாது. தலைகீழாக் கவுத்தாலும் விழக் கூடாது.”

“எனக்கு மாப்பிள்ளை பார்க்கையில எங்கப்பா இவ்வளவு கேக்கல,” என்றாள் ஜாஸ்பின்.

கண்ணன் சிரித்தார். தைரியநாதனும் சிரித்துவிட்டார்.

கடைசியில் இரண்டு நின்றன. இரண்டும் தடித்த தோல், வாயோரம் உள்ளே தகடு வைத்துத் தைத்தது. ஒன்றில், பழைய உறையில் இருந்ததைப் போலவே, மேலே வார் இருந்தது. துப்பாக்கியை வைத்ததும் வாரை இழுத்துப் பட்டனைப் போட வேண்டும். எடுக்கும்போது பெருவிரலால் பட்டனைத் தட்டிவிட வேண்டும்.

ஜாஸ்பின் வார் வைத்ததை இடுப்பில் பிடித்துக் காட்டச் சொன்னாள். தைரியநாதன் மர ரிவால்வரை இறக்கினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. பட்டனைப் போட்டார். பெருவிரலால் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். விரல் பட்டனைத் தாண்டிச் சறுக்கியது.

“புதுசு சார். பழகிடும்,” என்றார் கண்ணன்.

“வார் இல்லாததே போதும். அதைக் கட்டுங்க.”

“கவுத்தா விழக் கூடாதுன்னு இப்பத்தான மாமா சொன்னீங்க?”

“நான் என்ன கவுந்தா நடக்கப்போறேன்?”

ஜாஸ்பின் உறையை வாங்கினாள். பெருவிரலை வைத்து ஒரு தட்டு. பட்டன் திறந்துகொண்டது. மூடினாள். திறந்தாள். இறுக்கமே இல்லை. மாமனாரைப் பார்த்தாள். அவர் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை சட்டைப் பைக்குள் போயிருந்தது.

“வார் வச்சதையே குடுங்கண்ணே,” என்றாள்.

*

மரிய செல்வி வாசலிலேயே நின்றாள். “என்ன சொன்னாங்க?”

“ஒன்னுமில்ல. கையில தப்பு இல்லைன்னுட்டாங்க. உறை நைஞ்சுபோச்சு. அவ்வளவுதான். சோத்தைப் போடு.”

“தானா நைஞ்சுச்சா?”

“தோல்தான? நைய்யாதா?”

ஜாஸ்பின் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். மாமனார் சோற்றைப் பிசையும் விரல்களை அன்றுதான் கவனித்துப் பார்த்தாள். பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நின்றது.

சாப்பாடு முடிந்து மரிய செல்வி புது உறையைக் கையில் எடுத்தாள். பட்டனைத் தட்டித் திறந்தாள்.

“இது ஒங்களுக்கு ஆகாதே.”

“ஏன் ஆகாது?”

அவள் உறையை வைத்துவிட்டுத் தரையில் பெயர்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு ஜாஸ்பினின் காலை.

“விளக்கெண்ணெய்தான? அதுதான வெடிக்க வச்சுச்சு? ஸ்டேஷனுக்குக் குடுத்து விடயிலயே எனக்கு அடிச்சுக்கிச்சு.”

“அதை விடு செல்வி. நீ வேணும்னா செஞ்ச?”

“வேணும்னுதான் செஞ்சேன்.”

தைரியநாதன் தலையைத் தூக்கினார்.

“யாரு போட்டா, என்ன போட்டான்னு எல்லாம் கண்டுபிடிச்சீங்க. ஏன் போட்டேன்னு கேக்கலயே.” அவள் கணவரின் வலது கையைப் பார்த்தாள். “கோயில் திருவிழா முடிஞ்ச வாரம், கொல்லையில டிரம்முகிட்ட நின்னீங்க. துப்பாக்கியை எடுக்க பட்டன் வரல. இந்தக் கையால பார்த்தீங்க, அந்தக் கையால பார்த்தீங்க. கடைசியில உறையைக் கழட்டிப் பல்லால இழுத்தீங்க. நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தேன். நீங்க என்னைப் பார்க்கல.”

மரிய செல்வி புது உறையின் வாயை விரலால் தடவினாள்.

“தோல் எளகுனா பட்டன் லேசா வரும்னு நெனச்சேன். அண்ணன் வீட்டு மாட்டுப் பட்டைக்குப் போடுவோமே, அப்படித்தான் தேய்ச்சேன். மாட்டுப் பட்டைக்கு வாய் ஏது. இதுக்கு வாயும் சேர்ந்து எளகும்னு எனக்குத் தெரியல.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? ஒங்க கை போச்சுன்னா? மறுநாளே வேலையை விட்டுட்டு வந்து ஒக்காந்துருவீங்க. நீங்க ஒக்காந்து நான் பார்த்ததே இல்லைங்க.”

ஜாஸ்பின் மெல்லக் கேட்டாள். “மாமா, வண்டியும் கார்ப்பரேட்டர் இல்லதான?”

தைரியநாதன் வலது கையை மேசையில் விரித்து வைத்தார். உறையை அருகே இழுத்து, வாரைப் பூட்டி, பெருவிரலைப் பட்டன்மேல் வைத்து அழுத்தினார். பட்டன் நகரவில்லை. மறுபடி அழுத்தவில்லை.

“வெடிக்க வச்சது எண்ணெய் இல்ல செல்வி,” என்றார். “தடுக்குனப்ப எடுத்துப் பார்க்காம உள்ளங்கையால அழுத்துனேன். இந்த வெரல்ல பிடி இருந்திருந்தா அழுத்தியிருக்க மாட்டேன். அந்த அம்மா கை நல்லா இருக்கான்னு கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு.”

போன் அடித்தது. திரையில் முதலாளியின் பெயர். தைரியநாதன் எடுத்தார். பச்சையைத் தள்ளப் பார்த்தார். விரல் கண்ணாடியின்மேல் சறுக்கிச் சறுக்கி நின்றது. மரிய செல்வி கையை நீட்டித் தள்ளிவிட்டு, போனை அவர் காதில் வைத்தாள்.

“வணக்கம் முதலாளி. ஆமா, ஸ்டேஷன்ல முடிஞ்சுச்சு. உறையில கோளாறுன்னுட்டாங்க.” நிறுத்தினார். எதிர்ப்பக்கம் சந்தோஷமாக ஏதோ கேட்டது. “இல்ல முதலாளி. திங்கக்கிழமை துப்பாக்கியை வாங்கப் போகல. அங்கயே வச்சுக்கச் சொல்லத்தான் போறேன். என் கையை டாக்டர்கிட்டக் காட்டணும். சரியில்லாத கையோட ஒங்களுக்குப் பாதுகாப்புன்னு வந்து ஒக்கார மாட்டேன். வேற ஆளு பாருங்க.”

முதலாளி நீண்ட நேரம் பேசினார். மரிய செல்வியின் கை வலித்திருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தாள்.

பேச்சு முடிந்தது.

“என்னங்க சொல்றாரு?”

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் இங்க வாராராம்.”

“கோவமா பேசுனாரா?”

“இல்ல. அதான் ஒன்னும் புரியல.” அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “என் கை இப்படின்னு அவருக்கு முன்னாடியே தெரியுமாம்.”

மரிய செல்வி ஜாஸ்பினைப் பார்த்தாள். ஜாஸ்பின் தலையசைத்தாள், நான் சொல்லவில்லை என்று.

“யாரு சொன்னாகளாம்?”

“யாரும் சொல்லலையாம், கார்க் கதவைத் தொறக்கையில அவரே பார்த்துருக்காராம். மிச்சத்தை நேர்ல வந்து பேசுறேன்னாரு.”

ஜாஸ்பின் எழுந்து உள்ளே போனாள். கட்டிலடியில் பை இழுபடும் சத்தம் கேட்டது. மரிய செல்வி பதறி எழுந்தாள்.

“ஜாஸ்பினு, அதான் துப்பாக்கி வரலைல்ல ஆத்தா. இன்னும் எதுக்குப் பையை எடுக்குற?”

“சேலையெல்லாம் இதுக்குள்ள கெடக்கு அத்தை. நாளைக்குப் பூசைக்கு எதைக் கட்டுறது?”